பாட்டு யார் பேரில் இருக்கிறது?

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, கன்ட்ரி இசையின் ஊரான நாஷ்வில்லுக்குப் பஸ் ஏறும் இளைஞர்கள் அமெரிக்காவில் இன்றும் குறையவில்லை. ஏறட்டும். ஆனால் எந்த ரெக்கார்டு கம்பெனியிலும் சேராமல், தானே எழுதித் தானே பாடிப் பிழைக்க நினைக்கும் கன்ட்ரி பாடகர், ஊர் போய்ச் சேருமுன் தன் பாட்டின் கணக்குவழக்கைக் கற்றுக்கொள்வது நல்லது.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் சேர்ந்தது ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலி இன்னொன்று. தொழிலில் இதை மாஸ்டர் என்பார்கள். இரண்டுக்கும் உரிமை வேறு, வசூல் வேறு. இளையராஜாவின் உரிமை வழக்குகளைச் செய்தித்தாளில் தொடர்ந்து படித்தவர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதல்ல. பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்டால் மாஸ்டர் பெரும்பாலும் கம்பெனிக்குப் போய்விடும். தனியாக நிற்பவருக்கு இரண்டுமே சொந்தம். சுயேச்சையாக இருப்பதன் உண்மையான லாபம் இதுதான். 'என் இசையை யாரும் மாற்றச் சொல்ல முடியாது' என்ற பெருமையெல்லாம் அதற்கு அப்புறம்.

கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் பெரிய கம்பெனியில் இருந்தவர்தான். ஆனாலும் எழுத்துரிமையை விடவில்லை. 1974இல் வெளியான அவருடைய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். எல்விஸின் மேலாளரோ, பப்ளிஷிங் எனப்படும் அந்த எழுத்துரிமையில் பாதியைக் கேட்டார். டாலி மறுத்துவிட்டார். 1992இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடி உலகமெங்கும் ஒலிக்கவைத்தபோது, எழுதியவருக்கான பங்கு முழுதாக டாலிக்கு வந்து சேர்ந்தது. இன்னொரு கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் கதை இதற்கு நேர்மாறு. கையில் காசில்லாத காலத்தில் 'ஃபேமிலி பைபிள்' என்ற பாட்டை 50 டாலருக்கு விற்றார். 1960இல் வேறொருவர் குரலில் அது ஹிட்டானது. வயிற்றுப்பாட்டுக்கு விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்று பாட்டு எழுதுபவருக்கு அந்தக் கட்டாயம் அநேகமாக இல்லை.

இனி வசூல். பாட்டை டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோக நிறுவனம் வழியாக ஏற்றியதும் எல்லாம் முடிந்தது என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அங்கிருந்து வருவது மாஸ்டருக்கான பணம் மட்டுமே. எழுத்துக்கான ஸ்ட்ரீமிங் பணத்தில் ஒரு பகுதி எம்எல்சி என்ற அமைப்பில் சேர்கிறது. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 2021இலிருந்து வசூலிக்கும் அமைப்பு அது. பதிவு செய்யாதவரின் பணம் அங்கேயே தேங்கிக் கிடக்கும். ரேடியோவிலும் மேடையிலும் பாட்டு ஒலிப்பதற்கான தொகையை ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற வசூல் அமைப்புகளில் ஒன்று வாங்கித் தரும். நீங்கள் கச்சேரியில் பாடிய சொந்தப் பாட்டுகளின் பட்டியலை அனுப்பினால், அதற்கும் காசு உண்டு. சாட்டிலைட், இணைய ரேடியோக்களுக்கு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு. அங்கே 50 சதவீதம் மாஸ்டர் உரிமையாளருக்கு, 45 பாடகருக்கு, 5 பக்கவாத்தியக்காரர்களுக்கு. மாஸ்டர் உங்களுடையதானால் 95 உங்கள் வீட்டுக்கு. சாதாரண எஃப்எம் ரேடியோ அமெரிக்காவில் பாடியவருக்கு ஒரு சென்ட்கூடத் தருவதில்லை, எழுதியவருக்குத்தான் தரும். ஆகவே எழுதுங்கள்.

ஸ்ட்ரீமிங்கை மட்டும் நம்பாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு மாஸ்டர் பணமே கிடையாது.

எங்கே குடியேறுவது? நாஷ்வில்லின் பிராட்வே தெருவில் பகலிலேயே பார்கள் நிரம்பும். வழக்கமாக நாலு மணி நேரம் நின்று பாட வேண்டும். வருமானத்தில் பெரும்பகுதி டிப்ஸ். வரும் கூட்டம் கேட்பது ஏற்கெனவே தெரிந்த பாட்டுகளை. விரல் பழகும், தொண்டை உரமேறும், சொந்தப் பாட்டு மட்டும் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். எழுதுபவர் பார்க்க வேண்டிய இடம் 1982இல் தொடங்கிய ப்ளூபேர்ட் கஃபே. ஒரு சாதாரணக் கடை வரிசைக்குள் சுமார் 90 பேர் உட்காரும் அறை. பாட்டு எழுதுபவர்கள் வட்டமாக அமர்ந்து முறைவைத்துப் பாடுவார்கள். பேசினால் பக்கத்து மேசையே அதட்டும். கூட்டாக எழுதும் ஆட்களை இங்கேதான் பிடிக்க முடியும். எழுதி முடித்த அன்றே யாருக்கு எத்தனை சதவீதம் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு கேட்பது அதைவிடச் சங்கடம்.

மற்றவர் பாட எழுத ஆசையென்றால் நாஷ்வில். சொந்தப் பாட்டைத் தானே பாட ஆசையென்றால் டெக்சஸ் என்பது என் கட்சி. அங்கே 1878இல் கட்டிய க்ரீன் (Gruene) ஹால் தொடங்கிப் பல நடன மண்டபங்கள் இருக்கின்றன. உள்ளூர்ப் பாடகரின் சொந்தப் பாட்டுக்கே ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள். அந்தச் சுற்றில் வளர்ந்த ஏரன் வாட்சன், 2015இல் 'தி அண்டர்டாக்' ஆல்பத்தைக் கம்பெனி ஆதரவின்றி வெளியிட்டு, பில்போர்டு கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தார்.

கச்சேரி ஒப்புக்கொள்ளும்போது மூன்றைக் கேட்டுவிடுங்கள்: நிச்சயத் தொகை உண்டா, டிக்கெட் வசூலில் பங்கா, டி-ஷர்ட் விற்பனையில் மண்டபம் கமிஷன் பிடிக்குமா. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் மறக்கிறார்கள். பெட்ரோல் செலவு அந்த டி-ஷர்ட்டில்தான் தேறும். கைக்கு வரும் பணத்தில் வரி பிடித்திருக்க மாட்டார்கள். சுயதொழில் வரி மட்டும் 15.3 சதவீதம், வருமான வரி தனி. இரண்டையும் மூன்று மாதத்துக்கொரு முறை போல முன்கூட்டியே கட்ட வேண்டும்.

திடீர்ப் புகழ் வந்தால்? வரும். 2023 ஆகஸ்டில், அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத பாடகர் ஆலிவர் ஆன்டனி ஒரே பாட்டு வீடியோவால் பில்போர்டு ஹாட் 100இல் நேராக முதலிடத்தில் நுழைந்தார். அப்படி ஒரு வாரம் வந்தால் ஒப்பந்தங்களும் சேர்ந்து வரும். இசைத் துறை வழக்கறிஞர் ஒருவர் படிக்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். முன்பணம் என்று தருவது உங்கள் ராயல்டியிலிருந்தே கழிக்கப்படும். தொகையைப் பேசுமுன், உரிமை எத்தனை வருடத்தில் உங்களிடம் திரும்பும் என்று கேளுங்கள். பதில் வாய்வார்த்தையாக இருந்தால், ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.