பெருந்தமனி வீக்கத்திற்கு ஸ்டென்ட் பொருத்திய பிறகு

உங்கள் வயிற்றுப் பெருந்தமனியில் ஏற்பட்ட வீக்கத்திற்குத் தொடை இடுக்கு வழியாக, துணி உறை கொண்ட ஸ்டென்ட் பொருத்தியிருக்கிறார்கள். வயிற்றில் பெரிய வெட்டுக் காயம் இல்லை. சில நாட்களில் வீடு திரும்பியிருப்பீர்கள். ஆனால் வீங்கிய பகுதி இன்னும் உள்ளேயேதான் இருக்கிறது. இரத்தம் அதில் மோதாமல் ஸ்டென்ட் வழியாகச் செல்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் தொடர் பரிசோதனை தேவைப்படுகிறது.

கசிவு என்றால் என்ன?

ஸ்டென்டைத் தாண்டி இரத்தம் மீண்டும் வீக்கத்திற்குள் புகுவதே கசிவு. பெரும்பாலும் சிறு கிளைக் குழாய்களிலிருந்து இரத்தம் பின்னோக்கி வருவதால் இது ஏற்படுகிறது. இவற்றில் பல தானாகவே அடைபட்டுவிடும். வீக்கம் பெரிதானால் மட்டுமே மருத்துவர் சிகிச்சை அளிப்பார்.

ஸ்டென்டின் முனை தமனிச் சுவரோடு சரியாக ஒட்டாவிட்டாலோ, நாளடைவில் நழுவினாலோ, இணைப்பு விலகினாலோ, உறை கிழிந்தாலோ நிலைமை வேறு. இரத்தம் முழு அழுத்தத்துடன் வீக்கத்தில் பாயும், வீக்கம் வெடிக்கக்கூடும். இதைத் தாமதமின்றிச் சரிசெய்ய வேண்டும்.

கசிவு பொதுவாக வலிக்காது. “நன்றாகத்தானே இருக்கிறேன், ஸ்கேன் எதற்கு?” என்று பலர் கேட்கிறார்கள். கசிவு இருப்பவரும் அப்படித்தான் உணர்வார். வழக்கமாக முதல் மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு ஆண்டுதோறும், வாழ்நாள் முழுவதும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தாலோ, நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் உட்கொண்டாலோ, ஸ்கேனுக்கு முன்பே சொல்லுங்கள். சிடி ஸ்கேனில் செலுத்தப்படும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

வேறு சிக்கல்கள்

ஸ்டென்டின் ஒரு கிளை அடைபட்டால் அந்தப் பக்கக் கால் குளிர்ந்து, வெளிறி, மரத்துப்போய் வலிக்கும். உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். நடக்கும்போது மட்டும் கெண்டைக்கால் வலித்தாலும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

முதல் சில நாட்களில் லேசான காய்ச்சல் வருவது உண்டு. வாரங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து, காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால் ஸ்டென்டில் கிருமித்தொற்று இருக்கலாம். இது அரிது, ஆனால் ஆபத்தானது.

தொடை இடுக்கில் இரத்தம் வந்தால் படுத்துக்கொண்டு அந்த இடத்தை நன்றாக அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் 995 எண்ணை அழையுங்கள்.

திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை ஏற்பட்டாலும் உடனே 995. வெறுமனே “ஸ்டென்ட் இருக்கிறது” என்றால் இதய ஸ்டென்ட் என்று நினைத்துவிடுவார்கள். “வயிற்றுப் பெருந்தமனியில் ஸ்டென்ட்” என்று சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.