நம்பிக்கைகளும் உண்மைகளும்: தேளின் வாலருகே வளரும் விண்மீன்

‘பெண் மூலம் நிர்மூலம்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட ஜாதகங்களுக்குக் கணக்கில்லை. அந்த மூலம், விருச்சிகத் தேளின் வாலில் இருக்கும் விண்மீன்கள்தான். ஆடி மாத இரவுகளில் மந்தாரக்குப்பத்தின் தெற்கு வானில் அந்த வால் தெரியும். அதற்குச் சற்று மேற்கே, வெறுங்கண்ணுக்கு எட்டாமல், பூனைப் பாத நெபுலா இருக்கிறது. தூரம் சுமார் 4,300 ஒளியாண்டு. 2015 ஜனவரியில் அங்கிருந்து வரும் மேசர் அலைகள் திடீரென்று வலுத்ததைத் தென்னாப்பிரிக்காவின் ஹார்ட்பீஸ்ட்ஹூக் வானொலி வானியல் நிலையம் பதிவு செய்தது. நிகழ்ந்து நாலாயிரம் ஆண்டுக்கு மேல் ஆன சங்கதி அது. எந்தப் பெண்ணின் கல்யாணத்தோடும் அதற்குத் தொடர்பில்லை.

மேசர் என்பது லேசருக்கு மூத்தது. லேசர் ஒளியைப் பெருக்குகிறது, மேசர் நுண்ணலையைப் பெருக்குகிறது. சார்லஸ் டவுன்ஸ் குழு 1954-இல் அதை ஆய்வகத்தில் செய்து காட்டியது. வான்வெளியில் நீராவி தானாகவே அப்படிச் செய்வதை 1969-இல் அவரது குழுவே கண்டது. பெருவிண்மீன்கள் பிறக்கும் இடங்களில் மெத்தனாலும் இதைச் செய்கிறது. விஷச்சாராயச் செய்திகளில் அடிபடும் அதே மெத்தனால்தான்.

மேசர் வெடித்தால் விண்மீன் வெடித்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு: அங்கே ஒரு விண்மீன் வளர்கிறது. சுற்றியுள்ள வட்டிலிருந்து பெருங்கவளமாக வாயு உள்ளே விழும்போது விண்மீன் பிரகாசமாகிறது. தூசி சூடேறி அகச்சிவப்புக் கதிர்களைக் கொட்டுகிறது. அந்த ஆற்றலை வாங்கிய மெத்தனால் மூலக்கூறுகள் 6.7 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பல மடங்கு பெருக்கிவிடுகின்றன. பூனைப் பாதத்தில் 2008-இல் எடுத்த படத்தையும், 2015-இல் சிலியின் அல்மா தொலைநோக்கி எடுத்த படத்தையும் ஒப்பிட்டபோது மில்லிமீட்டர் அலைகளில் தூசியின் ஒளிர்வு ஏறத்தாழ 4 மடங்கு கூடியிருந்தது. அதே 2015-இல் எஸ்255 என்ற பகுதியில், சூரியனைப் போல் சுமார் 20 மடங்கு எடையுள்ள விண்மீன் ஒன்றும் இப்படிப் பொங்கியது. அது விழுங்கியது ஏறக்குறைய இரண்டு வியாழன் எடையளவு. பெருவிண்மீன் சீராக, மெதுவாகப் பருக்கிறது என்ற பழைய எண்ணத்தை இந்த இரண்டும் உலுக்கிவிட்டன.

சூடேறுகிறது, பொங்குகிறது என்றாலும் அங்கே தீ எதுவும் இல்லை. மெத்தனால் மேசர் உருவாகும் வாயு பெரும்பாலும் தண்ணீர் உறையும் நிலையைவிடக் குளிரானது.

அனல்மின் நிலையமும் சுரங்க விளக்கும் சூழ்ந்த மந்தாரக்குப்பத்தில் வானியல் எதற்கு என்ற சலிப்பையும் விட்டுவிடலாம். விளக்கு வெளிச்சம் கண்ணால் பார்ப்பதைத்தான் கெடுக்கும். நாலரை சென்டிமீட்டர் நீளமுள்ள மெத்தனால் அலைக்குப் புகை தடையில்லை, மேகமும் பெரிய தடையில்லை. விண்மீனை மூடிய தூசியைத் துளைத்து வருவதால்தான் இந்த ஆய்வே சாத்தியமாகிறது. அதற்கு உண்மையான தொல்லை செல்போன் கோபுரங்களும் செயற்கைக்கோள்களும்.

நம் ஊட்டி தொலைநோக்கி இதைப் பார்க்காதா? 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் குழு முத்தொரையில் எழுப்பிய 530 மீட்டர் நீள அதிசயம் அது. ஆனால் சுமார் 327 மெகாஹெர்ட்ஸுக்காகக் கட்டப்பட்டது. மெத்தனால் அலை அதற்கு எட்டாது. பெரிய கருவி இருந்தால் எல்லாம் தெரியும் என்பதும் ஒரு நம்பிக்கையே. ஹார்ட்பீஸ்ட்ஹூக்கின் 26 மீட்டர் தட்டு, 1961-இல் நாசா விண்கலங்களைப் பின்தொடரக் கட்டியது. விடாமல் கண்காணித்ததே அதன் பலம்.

2019 ஜனவரியில் ஜப்பானின் 32 மீட்டர் ஹிட்டாச்சி தட்டு ஜி358.93 என்ற இடத்தில் மேசர் பொங்குவதைக் கண்டு எச்சரித்தது. பல நாட்டுத் தொலைநோக்கிகள் திரும்பின. வாரக்கணக்கில் எடுத்த படங்களில் மேசர் புள்ளிகள் விண்மீனிலிருந்து விலகி விலகிப் போயின, ஒளிவேகத்தில் 4 முதல் 8 சதவீதம் வரையான வேகத்தில். வாயு அத்தனை வேகத்தில் பறந்ததாக எண்ணிவிடக் கூடாது. வாயு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது. வெளிப்புறமாகப் பரவிய வெப்ப அலை தொட்ட இடமெல்லாம் மெத்தனால் ஒளிர்ந்தது.