கோடைக் குளிர்பானமும் பல் எனாமலும்

சித்திரை வெயிலுக்குக் கோவை, திருப்பூர் பக்கம் பாட்டில் இல்லாத மேசையே இல்லை. தையல் தொழிலாளர்கள் பவர் டேபிள் ஓரத்தில் வைத்துக்கொண்டு ஷிப்ட் முடியும்வரை மடக்கு மடக்காகக் குடிக்கிறார்கள். பல்லுக்கு வினை அங்கேதான்.

வாயின் பிஎச் அளவு 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். கோலாவின் பிஎச் சுமார் 2.5. உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணிக்க அரை மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் அடுத்த மடக்கு போய்விடுகிறது. வியர்த்து நாக்கு வறண்டவருக்கு உமிழ்நீரும் குறைவு. அதனால் தாகத்துக்கு முதலில் தண்ணீர் குடியுங்கள். கரைந்துபோன எனாமல் திரும்ப வளராது.

குளிர்பான எதிர்ப்பு இந்தப் பக்கம் புதிதல்ல. பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையில் கோகோ கோலா ஆலைக்கு ஒதுக்கிய நிலம் மக்கள் எதிர்ப்பால் 2015இல் ரத்தானது. 2017 மார்ச் முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தன. தண்ணீரை முன்வைத்து எழுந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் உள்ளூர் சோடா என்றால் கெடுதலில்லை என்று நினைக்காதீர்கள். பல்லுக்கு ஊர்ப்பாசம் கிடையாது. எலுமிச்சை சோடாவில் சிட்ரிக் அமிலம். சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டாலும் அமிலம் அமிலம்தான். சர்க்கரை இல்லாத டயட் பானமும் அப்படியே.

குடித்தே ஆக வேண்டுமா? சாப்பாட்டோடு, ஒரே இருப்பில் முடியுங்கள். ஸ்ட்ரா நல்லது. குடித்ததும் வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம்: அமிலத்தில் இளகிய எனாமலை பிரஷ் வழித்தெடுத்துவிடும், ஒரு மணி நேரம் பொறுங்கள். உப்பும் கரியும் வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். படுக்கப்போகும் நேரத்தில் குளிர்பானம் வேண்டவே வேண்டாம்; தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு மிகக் குறைவு.

மாரியம்மன் நோம்பிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாட்டிலுக்குப் பதில் மோர் கொடுங்கள். மோரும் புளிப்புதானே என்று கேட்கலாம். அதிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லைக் காக்கும். பால்பல்லின் எனாமல் மெலிசு என்பதால் அவர்களுக்கு இது முக்கியம். மோர் ஊற்றிய கம்மங்கூழும் கொடுக்கலாம்.

குளிர்ந்த தண்ணீருக்குப் பல் கூசுகிறதா, முன்பல் நுனி கண்ணாடிபோல் தெரிகிறதா, கடைவாய்ப் பல்லில் குழி விழுகிறதா என்று பாருங்கள்; எனாமல் கரைவதன் அறிகுறிகள் இவை. தருமபுரிப் பக்கத்தில் பல் மஞ்சளானால் பழி ஃபுளூரைடு தண்ணீருக்குப் போகும். ஃபுளூரைடு பாதிப்பு பல் உருவாகும் பருவத்திலேயே வந்துவிடும். வளர்ந்தபின் பல் மெலிந்து மஞ்சளடித்தால் அமிலத்தையும் சந்தேகிக்க வேண்டும். பல் மருத்துவரிடம் போகும்போது, ஒரு நாளைக்கு என்ன குடிக்கிறீர்கள், எப்படிக் குடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.