தொண்டை வலியும் பத்து நாள் மாத்திரையும்

டிசம்பர் பிறந்து டில்லியில் மூடுபனி இறங்கிவிட்டால், என்னைப் போன்ற காது மூக்கு தொண்டை டாக்டர்களின் அறைவாசலில் கூட்டம் நெரியும். நம் தமிழ்க் குடும்பங்களும் அதில் கணிசமாக இருக்கும். "டாக்டர், குழந்தைக்கு மறுபடியும் டான்சில்" என்பார்கள். சிலர், "உள்நாக்கு வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் பண்ணிவிடலாமா?" என்று முடிவையும் சேர்த்தே கொண்டு வருவார்கள். இதைப் பற்றி நம் பத்திரிகையில் எழுதும்படி சங்க நண்பர்கள் பல முறை கேட்டும் தட்டிக் கழித்து வந்தேன். இப்போது எழுத உட்கார்ந்ததற்கு ஒரு சிறுவன் காரணம். அவனைப் பற்றி உரிய இடத்தில் சொல்கிறேன்.

டான்சில் என்பது எது?

வாயை அகலத் திறந்து கண்ணாடியில் பார்த்தால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதன் இரு பக்கமும் பாதாம் பருப்பு வடிவில் தெரியும் சதைகளே டான்சில்கள். உள்நாக்கு வேறு, டான்சில் வேறு. மூக்கின் பின்புறம் அடினாய்டு என்றொரு சதையும், நாக்கின் அடியில் இன்னொரு சதையும் உண்டு. இவை எல்லாம் சேர்ந்து தொண்டையைச் சுற்றி ஒரு வளையமாக அமைந்துள்ளன. ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் வால்டயரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. மூச்சிலும் உணவிலும் வரும் கிருமிகளை முதலில் சந்திக்கும் காவல் சாவடி இதுதான்.

சிறு குழந்தைகளின் உடல் அன்றாடம் புதுப் புதுக் கிருமிகளைச் சந்திப்பதால், நான்கு வயது முதல் எட்டு வயது வரை டான்சில் பெரிதாகத் தெரிவது இயல்பு. பதின்வயதில் அது தானாகச் சுருங்கிவிடும். எனவே டான்சில் பெரிதாக இருப்பதே ஒரு நோய் அல்ல. அது சிவந்து, வீங்கி, வலித்து, காய்ச்சலும் சேரும்போதுதான் அதை டான்சில் அழற்சி என்கிறோம்.

எதனால் வருகிறது?

"ஐஸ்கிரீம் தின்றான், அதனால்தான்" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் வழக்கு. குளிர்ந்த பொருள் தொண்டையைச் சற்று உறுத்தலாமே தவிர, அது கிருமியை உண்டாக்காது. குளிர்காலத்தில் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு ஒரே அறையில் பலர் முடங்கிக் கிடப்பதும், வகுப்பறையில் நெருங்கி உட்காருவதும்தான் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கிருமி பரவ வழி செய்கின்றன. இருமல், தும்மல், ஒருவர் எச்சில் பட்ட டம்ளர் ஆகியவை அதன் வாகனங்கள்.

தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. சளி, ஃப்ளூ வைரஸ்கள் இதில் அடக்கம். பாக்டீரியாக்களில் முக்கியமானது 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தொண்டை வலியுடன் டாக்டரிடம் வரும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 20 முதல் 30 பேருக்கும், பெரியவர்களில் 5 முதல் 15 பேருக்கும் மட்டுமே இந்தக் கிருமி காரணமாக இருக்கிறது. ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரை உள்ள பிள்ளைகளே இதற்கு அதிகம் ஆளாகிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

டார்ச் அடித்துப் பார்த்த மாத்திரத்தில் "இது வைரஸ், இது பாக்டீரியா" என்று திட்டமாகச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஆனால் சில அடையாளங்கள் உதவும். 1981-இல் செண்டர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் வகுத்த மதிப்பெண் முறையை 1998-இல் கனடாவைச் சேர்ந்த மெக்ஐசக் வயதையும் சேர்த்துத் திருத்தினார். அதன்படி:

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் ஒரு மதிப்பெண்.
இருமல் இல்லாவிட்டால் ஒன்று.
கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி, தொட்டால் வலித்தால் ஒன்று.
டான்சில் வீங்கியிருந்தாலோ, வெள்ளைத் திட்டுகள் படிந்திருந்தாலோ ஒன்று.
வயது 3 முதல் 14-க்குள் இருந்தால் ஒன்று. 45-ம் அதற்கு மேலும் என்றால் ஒன்றைக் கழிக்க வேண்டும்.

மொத்தம் பூஜ்யம் அல்லது ஒன்று என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மூக்கு ஒழுகுதல், இருமல், குரல் கம்முதல், கண் சிவத்தல் ஆகியவை வைரஸின் பக்கம் கை காட்டுபவை. மதிப்பெண் கூடும்போது தொண்டையிலிருந்து பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது நல்லது. கல்ச்சர் முடிவு வர ஓரிரு நாள் ஆகும். உடனடிப் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஏ.எஸ்.ஓ. என்ற ரத்தப் பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு பயந்துபோய் வருகிற பெற்றோர் பலர். அந்த எண் கூடியிருந்தால், சில வாரங்களோ மாதங்களோ முன்பு இந்தக் கிருமி உடலில் வந்து போயிருக்கிறது என்றுதான் பொருள். இன்றைய தொண்டை வலிக்குக் காரணம் எது என்பதை அது சொல்லாது. அந்த எண்ணை மட்டும் வைத்து ஊசி போடுவதோ ஆபரேஷன் செய்வதோ சரியல்ல.

சிகிச்சை

வைரஸ் என்றால் ஆண்டிபயாடிக் தேவையில்லை. கொடுத்தாலும் பயனில்லை. ஓய்வு, நிறைய நீராகாரம், வலிக்கும் காய்ச்சலுக்கும் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் குணமாகிவிடும். வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளிப்பது இதம் தரும். பாட்டி தரும் மிளகு ரசமும், பனங்கற்கண்டு சேர்த்த பாலும் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. உள்நாக்கை விரலால் அழுத்தித் தூக்கிவிடும் பழக்கம் இன்னும் சில குடும்பங்களில் இருக்கிறது. தயவு செய்து அதை விட்டுவிடுங்கள். புண்ணான இடம் மேலும் புண்ணாகும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் பெனிசிலின் வகை மருந்துதான் முதல் மருந்து. இந்தக் கிருமி இன்றும் பெனிசிலினுக்குக் கட்டுப்படுகிறது. வாய் வழியே பெனிசிலினோ அமாக்சிசிலினோ பத்து நாள் தர வேண்டும், அல்லது நீண்ட நாள் வேலை செய்யும் பென்ஸதின் பெனிசிலின் ஊசி ஒன்று. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. மருந்துக் கடையில் "தொண்டை வலி" என்று சொல்லி மூன்று நாள் ஆண்டிபயாடிக் வாங்கி விழுங்குவது சிகிச்சை ஆகாது.

இனி அந்தச் சிறுவன்

சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறை தொடங்கும் சமயம், பத்து வயதுப் பையனை அவன் அம்மா அழைத்து வந்தார். 102 டிகிரி காய்ச்சல், இருமல் இல்லை, கழுத்தில் நெறி, டான்சிலில் வெள்ளைத் திட்டுகள். பத்து நாளைக்கு அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் குடும்பம் ஊருக்கு ரயில் ஏறியது. மூட்டை முடிச்சுக் கட்டும் அவசரத்தில் மாத்திரை அட்டை சமையலறை அலமாரியிலேயே தங்கிவிட்டது. "பையன்தான் நன்றாகி விட்டானே" என்று யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

மூன்று வாரம் கழித்து அவனுக்கு முழங்கால் வீங்கிற்று. அது தணிந்து கணுக்கால், பிறகு மணிக்கட்டு. "வெயிலில் ஓடி விளையாடிய அலுப்பு" என்று பாட்டி தைலம் தடவியிருக்கிறார். வீக்கம் தானாக வடிந்தது. ஜூலையில் டில்லி திரும்பியபோது பையனால் இரண்டு மாடி ஏற முடியவில்லை, மூச்சு வாங்கியது. எக்கோ பரிசோதனையில் இதயத்தின் மைட்ரல் வால்வு பழுதுபட்டிருப்பது தெரிந்தது.

இதற்கு ருமாடிக் காய்ச்சல் என்று பெயர். கிருமி தானே இதயத்துக்குப் போவதில்லை. தொண்டைக் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தி, அந்தக் கிருமியைப் போலவே சில அம்சங்கள் கொண்ட இதயத் திசுவையும் மூட்டையும் எதிரி என்று தவறாக எண்ணித் தாக்குகிறது. தொண்டை வலி வந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, மிகச் சிலருக்கே ஆகிறது. ஆனால் யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நம் நாட்டில் இளவயதினரின் இதய வால்வு நோய்க்கு இன்றும் இது ஒரு முக்கிய காரணம்.

இதைத் தடுக்க முடியும் என்பது வெகு காலத்துக்கு முன்பே தெரிந்த செய்தி. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு விமானப் படைத் தளத்தில் தொண்டை அழற்சி கண்ட வீரர்களுக்குப் பெனிசிலின் கொடுத்துப் பார்த்ததில், ருமாடிக் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது என 1950-இல் வெளியிட்டார்கள். நோய் தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்தை ஆரம்பித்தாலும் தடுக்கலாம். ஆகவே ஓரிரு நாள் காத்திருந்து பரிசோதனை முடிவைப் பார்ப்பதில் ஆபத்தில்லை. ஆனால் ஆரம்பித்த மருந்தைப் பாதியில் விட்டால், காய்ச்சல் போனாலும் கிருமி தொண்டையில் தங்கிவிடும். சில நாடுகளில் ஐந்து நாள் போதும் என்கிறார்கள். ருமாடிக் காய்ச்சல் ஒழியாத நம் நாட்டில் பத்து நாள்தான்.

அந்தப் பையனுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போடுகிறோம். வால்வு பழுதுபட்டவர்கள் நாற்பது வயது வரையாவது, சிலர் அதற்கு மேலும், இதைத் தொடர வேண்டும். அவன் அம்மா ஒரு நாள் என்னிடம், "டாக்டர், பத்து நாள் என்று எழுதியிருந்தீர்கள். விட்டால் இதயத்துக்கு வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரயிலை விட்டுவிட்டாவது மாத்திரையை எடுத்திருப்பேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் பதில் இல்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள் என்பது பதில் ஆகாது. அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஆபரேஷன் எப்போது?

நன்கு கவனித்துக் குறித்துக்கொண்ட கடுமையான தொண்டை அழற்சி ஓராண்டில் ஏழு முறையோ, தொடர்ந்து இரண்டாண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து முறையோ, மூன்றாண்டுகளில் ஆண்டுக்கு மூன்று முறையோ வந்தால் டான்சிலை எடுப்பது பற்றி யோசிக்கலாம். தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது மற்றொரு காரணம். இதற்குக் குறைவாக வந்தால் காத்திருப்பதே மேல், வயது ஏற ஏறத் தொல்லை குறையும். ஆபரேஷன் ஆனால் முதல் 24 மணி நேரமும், பிறகு ஐந்து முதல் பத்து நாள் வரையும் ரத்தக் கசிவு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வேண்டாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

வாயைத் திறக்க முடியாமை, எச்சிலை விழுங்க முடியாமல் வழிய விடுதல், வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போன்ற குரல், ஒரு பக்கம் மட்டும் கடும் வலி: இவை டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டியதைக் காட்டலாம். மூச்சு விடச் சிரமம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒட்டிய படலமும், கழுத்து வீக்கமும் தொண்டை அடைப்பான் நோயாக இருக்கலாம். தடுப்பூசி இருந்தும் நம் நாட்டில் இது இன்னும் தலைகாட்டுகிறது. குழந்தைப் பருவ ஊசிகளோடு நின்றுவிடாமல் 5 வயதிலும், 10, 16 வயதுகளிலும் போட வேண்டிய ஊசிகளைத் தவறவிடாதீர்கள். தொண்டை வலி ஆறி ஓரிரு வாரம் கழித்துச் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, முகம் வீங்கினாலோ, மூட்டு வீங்கினாலோ டாக்டரிடம் பழைய தொண்டை வலியையும் மறக்காமல் சொல்லுங்கள்.

முடிவாகச் சில வார்த்தைகள்

இங்கு புதிதாக வந்து இந்தி பழகாத தாய்மார்கள் டாக்டரிடம் "கலா கராப்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை டிகிரி, இருமல் உண்டா, இந்த ஆண்டு இது எத்தனையாவது முறை என்பவற்றை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மொழி தெரியாவிட்டாலும் எண்கள் பேசும்.

ஆண்டிபயாடிக் தொடங்கிய அன்றே வீட்டுக் காலண்டரில் பத்தாம் நாளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். ஊருக்குப் போவதானால் மாத்திரை அட்டை துணிப் பெட்டிக்குள் போக வேண்டாம், ரயில் டிக்கெட்டோடு கைப்பையில் இருக்கட்டும். டாக்டர் ஏன் என்று சொல்லாமல் எழுதிக் கொடுத்தால், ஏன் என்று கேளுங்கள். எத்தனை பேர் வெளியே காத்திருந்தாலும் கேளுங்கள்.