'பை' என்றால் இரண்டு: எது இரண்டு?

மாணவர்களே, ஆப்ப மாவில் அம்மா ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடையில் அதன் பொட்டலத்தில் 'சோடா பிகார்போனாட்' என்றிருக்கும். பாடநூலிலோ 'நாட்ரியம் ஹிட்ரோஜென் கார்போனாட்' என்றிருக்கும். இரண்டும் ஒரே பொருள்தான். முன்னது பழைய பெயர். நாட்ரியம் என்பது சோடியம்.

'பி' அல்லது 'பை' என்றால் இரண்டு. ஆனால், இதன் வாய்பாட்டில் இருப்பது ஒரு சோடியம், ஒரு ஹைட்ரஜன், ஒரு கார்பனேட் மட்டுமே. பெயரை நம்பி இரண்டு கார்பனேட் எழுதினால் மதிப்பெண் போய்விடும். அப்படியானால் 'இரண்டு' எங்கிருந்து வந்தது?

1808இல் இங்கிலாந்து அறிவியலாளர் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். அவர் எடுத்தது ஆப்பசோடாவின் உடன்பிறப்பான பொட்டாசியம் பைகார்பனேட். அதில் 2 கிரெயின் எடுத்து, அமிலம் சேர்த்து, வெளிவந்த கரிவளியை அளந்தார். (கிரெயின் என்பது பழைய எடை அளவு, சுமார் 65 மில்லிகிராம்.) அடுத்து, அதே உப்பில் 4 கிரெயினைச் செஞ்சூட்டில் காய்ச்சி, மீந்ததில் அமிலம் சேர்த்தார். இரண்டு முறையும் வந்த கரிவளி ஒரே அளவு!

பொருள் என்ன? சூடு, உப்பிலிருந்த கரிவளியில் சரிபாதியை விரட்டிவிட்டது. மீந்தது சாதாரண கார்பனேட். ஒரே அளவு உலோகத்துக்கு, கார்பனேட்டைவிடப் பைகார்பனேட்டில் கரிவளி இரண்டு மடங்கு. அதுதான் அந்த 'இரண்டு'.

இந்தக் கணக்கு சமையலறையிலும் வேலை செய்கிறது. 168 கிராம் ஆப்பசோடாவைச் சூடாக்கிச் சிதைத்தால் 44 கிராம் கரிவளி கிடைக்கும். போதுமான அமிலம் சேர்த்தால் 88 கிராம் கிடைக்கும். புளித்த மாவில் அமிலம் உண்டு. அதனால் சிறிது சோடாவே ஆப்பத்தை உப்பச் செய்கிறது. அமிலம் போதாமல் சோடா மிகுந்தால், சூட்டில் அது சோடியம் கார்பனேட்டாக மாறி மாவிலேயே தங்கிவிடும். சலவைசோடாவில் இருப்பதும் அதே பொருள்தான். ஆப்பத்தில் சவர்க்காரச் சுவை தட்டுவது அதனால்தான்.

சலவைசோடா ஆப்பசோடாவைவிட வீரியமான காரம். இரண்டும் வெள்ளைத் தூள்தானே என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் சமையலில் சேர்க்கக் கூடாது.

சிந்தனைக்கு: 84 கிராம் ஆப்பசோடாவை முழுவதும் சிதையும்வரை சூடாக்கினால் எத்தனை கிராம் கரிவளி வெளியேறும்? மீந்ததில் போதிய அமிலம் சேர்த்தால் மேலும் எத்தனை கிராம் வரும்?

விடை: 22 கிராம், மேலும் 22 கிராம்.