அயல்நாட்டில் ஆங்கிலம் கற்பித்தல்: தென்கொரியா தரும் பாடம்

ஆசிய நாடுகள் சில, ஆங்கிலம் கற்பிக்க அயல்நாட்டினரை அமர்த்திக்கொள்வது பல்லாண்டுகளாக நடைபெற்று வருகிறது. ஜப்பான் 1987இல் தொடங்கிய ‘ஜெட்’ திட்டத்தில், முதலாண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 4 நாடுகளிலிருந்து 848 பேர் சேர்ந்தனர். தென்கொரியா 1995இல் ‘எபிக்’ திட்டத்தைத் தொடங்கி, உள்நாட்டு ஆசிரியருடன் இணைந்து கற்பிக்க அயல்நாட்டினரை அரசுப் பள்ளிகளில் நியமித்தது. இத்துறையில் இந்தியருக்குள்ள வாய்ப்பு யாது?

கடவுச்சீட்டும் தகுதியும்

தென்கொரியாவில் மொழி கற்பிப்போருக்குரிய விசா ‘இ-2’ எனப்படும். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளின் குடிமக்களுக்கே இது பொதுவாக வழங்கப்படுகிறது. இவர்களுக்கு ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் இருந்தால் போதும். பல்லாண்டு அனுபவமுள்ள இந்திய ஆசிரியருக்கோ அனுபவம் மட்டும் இவ்விசாவைப் பெற்றுத் தராது. இங்கே தடையாக நிற்பது கடவுச்சீட்டே, திறமைக் குறைவன்று.

இத்தடையை ஓரளவு தளர்த்தியது, 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய - கொரிய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம். பட்டத்துடன் ஆசிரியர் தகுதிச் சான்றும் பெற்ற இந்தியர், பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியராகப் பணியாற்ற அது வழிவகுத்தது. எனவே, கல்வியியல் பட்டம் இங்கே இன்றியமையாத முதலீடாகிறது. ஆயினும், விசாவுக்குத் தகுதி பெறுவது வேறு. வேலை கிடைப்பது வேறு.

கவனிக்க வேண்டியவை

பட்டச் சான்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் ‘அப்போஸ்டில்’ முத்திரை தேவை. இதற்குரிய ஹேக் உடன்படிக்கை இந்தியாவில் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. குற்றப் பின்னணி இல்லை என்பதற்கான சான்றும் வேண்டும். ஊதியம், பணி நேரம், உறைவிடம், விமானக் கட்டணம் ஆகியன ஒப்பந்தத்தில் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். இ-2 விசா ஒரு குறிப்பிட்ட பணியிடத்தைச் சார்ந்தது. விரும்பியபோது வேறு நிறுவனத்திற்கு மாறிவிட இயலாது. சுற்றுலா விசாவில் சென்று கற்பிப்பது சட்டமீறலாகும். அதன் விளைவை அனுபவிப்பவர் முகவர் அல்லர், ஆசிரியரே. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், ஆள் சேர்க்கும் முகவர் பதிவு பெற்றிருப்பதைக் கட்டாயமாக்கியது. பணம் செலுத்துமுன் பதிவுச் சான்றைச் சரிபார்ப்பது நலம்.

தனி மனிதரின் திறமை திறக்க இயலாத கதவை, இரு அரசுகளுக்கிடையேயான ஒப்பந்தம் திறக்கக்கூடும். இனிவரும் வணிகப் பேச்சுகளில், சரக்குகளுக்கு இணையாக ஆசிரியர் தகுதியின் அங்கீகாரமும் இடம்பெறுதல் வேண்டும்.