டிரஸ்டியாக யாரை வைப்பது?

பிள்ளைகள் தலையெடுக்கும் வரையில் சொத்தைப் பரிபாலிக்கும்படி உயிலிலோ டிரஸ்ட் பத்திரத்திலோ ஒருவரை நியமிக்க நேரும்போது, குடும்பத்துக்கு மூத்தவரும் ரத்தபந்தம் உடையவருமான ஒருவரே அந்த ஸ்தானத்துக்கு உரியவர் என்ற நம்பிக்கை நம்மவரிடம் வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. உறவு தோஷமன்று, ஆயினும் உறவு மாத்திரமே யோக்கியதை ஆகிவிடாது. 1882ஆம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டம் மூப்பையோ முறையையோ விசாரிப்பதில்லை. பயனடைய வேண்டியவருடைய நலனுக்கு முரணான சுயநலம் உடையவர், கடனில் மூழ்கியவர், அயல்நாட்டையே நிரந்தர வாசமாகக் கொண்டவர் முதலியோர் தக்கவரல்லர் என்றே அதன் 60ஆம் பிரிவு சொல்லுகிறது.

மைனர் பிள்ளைக்கு எழுதிவைத்த கடையில் அவனுடைய சித்தப்பாவே வாடகைக்கு இருந்து வியாபாரம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரையே டிரஸ்டியாகவும் நியமித்துவிட்டால், வாடகையை உயர்த்த வேண்டியவரும் அதைக் கொடுக்க வேண்டியவரும் ஒருவரே ஆகிவிடுவதால், அவர் எத்தனை உத்தமராயினும் மாதந்தோறும் தம் மனச்சாட்சியோடு வழக்காட நேரிடும். அன்புள்ள ஒருவரை அத்தகைய சோதனையில் நிறுத்துவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

‘நல்ல மனிதர், அவரிடம் கணக்குக் கேட்பதாவது!’ என்பது இன்னொரு நம்பிக்கை. சட்டமோ, தெளிவான கணக்கை வைத்திருப்பதையும், கேட்கும்போது காட்டுவதையும் டிரஸ்டியின் கடமையாகவே விதிக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானபோது தருமங்களுக்கென்று விட்டுச்சென்ற பெரும் செல்வம், தகராறுகளிலும் வழக்குகளிலும் சிக்குண்டு, நீதிமன்றம் தலையிட்ட பின்னரே நெறிப்பட்டு, 1842இல்தான் சென்னையில் ஒரு பள்ளிக்கூடமாக உருவெடுத்தது என்பதை நினைக்குந்தோறும், இடைப்பட்ட தலைமுறைகளில் அக்கல்வியைப் பெறாமற்போன பிள்ளைகளுக்காக என் நெஞ்சு வருந்துகிறது. ஆகவே ஒருவரைத் தேர்ந்தெடுக்குமுன், தம் சொந்த வீட்டின் சென்ற வருஷத்துச் சொத்துவரி ரசீதை அவரால் உடனே எடுத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். பிறர் பணத்தையும் தம் பணத்தையும் ஒரே பாங்குக் கணக்கில் போட்டுவைக்கும் வழக்கம் அவருக்கு உண்டா என்றும் கவனியுங்கள்.

இரண்டு மகன்களையும் சேர்த்து நியமித்தால் பத்திரம் என்று எண்ணுவோரும் உளர். வேறுவிதமாக எழுதியிராவிட்டால் எல்லா டிரஸ்டிகளும் ஒன்றுகூடியே செயற்பட வேண்டும். பேசிக்கொள்ளாத இருவரின் கையெழுத்துக்காக ஒரு பெண்ணின் கல்லூரிக் கட்டணம் காத்துக்கிடக்கலாம்.

உழைப்புக்கு ஊதியம் தருவது கௌரவக் குறைவு என்ற எண்ணமும் விலக்கத்தக்கது. பத்திரத்தில் குறிப்பிட்டாலன்றி டிரஸ்டிக்கு ஊதியம் கேட்கும் உரிமை இல்லை. வருஷக்கணக்கில் தாலுகா ஆபீசுக்கும் வக்கீலிடமும் அலையப்போகிறவருக்கு நியாயமான தொகையொன்றை எழுதிவைப்பது, அவர் அப்பணியைச் சிரத்தையோடு செய்வதற்கு உதவும்.

கடைசியாக, பெயரை எழுதிவிட்டாலே அவர் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்ற பிரமை ஒன்று. பொறுப்பை ஏற்க எவரும் கடமைப்பட்டவரல்லர். ஏற்றபின்னரோ, பத்திரம் இடங்கொடுத்தாலன்றி, நீதிமன்றத்தின் அனுமதியோ, தகுதிவாய்ந்த பயனாளிகளின் சம்மதமோ இல்லாமல் அவர் உதறிச்செல்லவும் இயலாது. ஆதலின் கையொப்பமிடுவதற்கு முன்பே பத்திரத்தின் நகலை அவரிடம் கொடுத்து, ஒரு வாரம் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். இசைந்தால், அவருக்குப் பின் பொறுப்பேற்க வேண்டியவரின் பெயரையும் அவரோடு கலந்தே எழுதுங்கள்.